இடப்பக்கம் போக வலப்பக்கம் திருப்பு

2011 இல் எங்களில் ஒருவரின் வீட்டில் ஒரு பிளேஸ்டேஷன் 2 இருந்தது. வெளிநாட்டில இருந்து வந்த மாமா கொண்டுவந்து குடுத்தது. பழசு, சிப் அடிச்சது, எரிச்ச டிஸ்க் எல்லாம் ஓடும். அந்த வீட்டுச் சின்னப் பெடியனுக்கு அப்ப ஏழு வயசு. அவனிட்ட இருந்தது ரெண்டே ரெண்டு டிஸ்க். ஒண்டு கிரிக்கெட். மற்றதின்ர முதுகில கறுப்பு மார்க்கரால 'கார்ஸ்' எண்டு எழுதியிருந்தது.

படத்தையும் அவன் பாத்திருந்தான், எத்தனை தரமெண்டு கணக்கில்லை. ஒருநாள் நாங்கள் நாலைஞ்சு பேர் பின்னால இருந்து பாத்துக்கொண்டிருந்தம். வட்டப் பாதைப் பந்தயம். முதலாவதாக வந்துகொண்டிருந்தவன் முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்ததும் பிரேக் பிடிச்சு நிண்டிட்டான். "ஏனடா நிக்கிறாய், போவன்!" எண்டு எல்லாரும் கத்த, திரும்பிப் பாக்காமலே சொன்னான்: "பின்னுக்கு ஒராள் அடிபட்டு நிக்கிறார். அவர் வரட்டும்."

படத்தைப் பாத்தவர்களுக்கு இது விளங்கும். 2006 இல் பிக்ஸார் எடுத்த 'கார்ஸ்' படத்தின் கடைசிப் பந்தயத்தில் லைட்னிங் மக்குயீன் வெல்லப் போற நேரம், பின்னால கிங் எண்ட கிழட்டுக் கார் அடிபட்டுக் கிடக்கும். மக்குயீன் கோட்டுக்கு முன்னால நிண்டு, திரும்பிப் போய், கிங்கைத் தள்ளிக்கொண்டு வந்து ஓட்டத்தை முடிக்க வைப்பான். கோப்பை சிக் ஹிக்ஸுக்குப் போகும். ஒரு சின்னப்பிள்ளைப் படம் தன்ர கதாநாயகனைத் தோக்க விட்டு முடிஞ்சது.

கேமில அப்பிடி நடக்கவில்லை. மற்றக் கார்கள் ஒவ்வொண்டா அவனைத் தாண்டிப் போச்சுது. பிறகு வழமையான அந்த அறிவிப்பு: திரும்ப ஓடு.

அண்டைக்கு நாங்கள் சிரிச்சம். ஆனால் அந்தக் காட்சி எங்களில் சிலருக்கு மறக்கவேயில்லை. தோக்கச் சொல்லிக் குடுத்த ஒரு படத்தை, வெல்லுறதைத் தவிர வேறொண்டுக்கும் பரிசு குடுக்கத் தெரியாத ஒரு கேமாக மாத்தினது ஆர்? அவர்கள் வேறென்னத்தை அதுக்குள்ள வைச்சார்கள்? தேடிக்கொண்டு போனால் கதை கேமில தொடங்கவில்லை, 1950களின் மண் ரோட்டில தொடங்குது.

படத்தில் டொக் ஹட்சன் என்றொரு வயதான நீலக் கார் வரும். மக்குயீனின் வாத்தியார். ஊராருக்கு அவர் டொக்டர், நீதிபதி. மூன்று தரம் பிஸ்டன் கோப்பை வென்ற பழைய பந்தயக் கார் என்பதை அவர் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருப்பார். இது முழுக்கக் கற்பனை இல்லை. அமெரிக்காவின் டெட்ரொயிட்டில் 1909 இல் தொடங்கின ஹட்சன் கொம்பனி, 1951 இல் ஹோர்னெட் என்ற காரை விட்டது. 308 கன அங்குல எஞ்சின், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். உடம்பு நிலத்தோட ஒட்டினாப் போலத் தாழ்ந்தது. உள்ளே ஏற வேணுமெண்டால் காலைக் கீழே இறக்கி வைக்க வேணும். அந்தத் தாழ்வுதான் அதின்ர பலம். வளைவில மற்றக் கார்கள் ஆடிச் சரிய, ஹோர்னெட் நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு போகும். 1952 இல் நாஸ்காரின் பெரிய தொடரில் நடந்த 34 பந்தயங்களில் 27 ஐ ஹோர்னெட் ஓட்டினவர்கள் வென்றார்கள். 1951 இலும் 1953 இலும் ஹெர்ப் தோமஸ், 1952 இல் டிம் ஃப்ளொக் என்று சம்பியன் பட்டமும் மூன்று வருசம் ஹட்சன்காரரிடமே இருந்தது. படத்து டொக் கோப்பை வென்ற வருசங்களும் அதே மூன்றுதான்.

அந்தக் காலத்தில் நாஸ்கார் பந்தயங்களில் கனக்க மண் பாதையில் நடந்தவை. மண்ணில கார் ஓட்டுறது வேற வித்தை. இடப்பக்க வளைவு ஒண்டை நினையுங்கோ. வேகமா வாற காரின் பின்பக்கம் வெளியால, வலப்பக்கமாச் சறுக்கும். பயத்தில ஸ்டியரிங்கை இன்னும் இடப்பக்கம் ஒடிச்சால் கார் சுழண்டு போயிடும். முன்சில்லுகளைச் சறுக்குற பக்கத்துக்கே, அதாவது வலப்பக்கம், திருப்பினால்தான் கார் வளைவைச் சுத்தி வரும். படத்தில டொக் மக்குயீனுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் இதுதான். நம்பாமல் கள்ளிச் செடிக்குள்ள போய் விழுவான். புழுதி ஒழுங்கையில சைக்கிளின் பின்சில்லைச் சறுக்கித் திருப்பி விளையாடினவர்களுக்கு இதைப் புதுசாச் சொல்லத் தேவையில்லை. எங்கட கைக்கு இது முதலே தெரியும், ஆரும் பாடமா எடுக்கவில்லை எண்டது மட்டும்தான்.

ஹட்சன் நிலைக்கவில்லை. பந்தயத்தில வெண்ட கார், கடையில பெரிய கொம்பனிகளோட போட்டி போட ஏலாமல் போச்சுது. 1954 இல் நாஷ் கொம்பனியோடு சேர்ந்து அமெரிக்கன் மோட்டர்ஸ் ஆனது. அதுக்குப் பிறகு மூன்று வருசம் நாஷ் காரின் உடம்பில ஹட்சன் பேரை ஒட்டி வித்தார்கள். 1957 உடன் பேரும் போச்சுது.

மண் பாதைகளும் போயின. 1970 செப்டெம்பர் 30 இல் வட கரோலினாவின் ராலியில் நடந்த பந்தயத்துக்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடர் அரை நூற்றாண்டுக்கு மண்ணுக்குத் திரும்பவில்லை. 2021 இல்தான் பிரிஸ்டல் பாதையில் மண்ணைக் கொட்டி மறுபடி ஓடினார்கள். அந்த 1970 பந்தயத்தை வென்றவர் ரிச்சர்ட் பெட்டி. 36 வருசத்துக்குப் பிறகு 'கார்ஸ்' படத்தில் கிங்குக்குக் குரல் குடுத்தவரும் அவரேதான். பெட்டி ஓட்டின 43 ஆம் இலக்கத்தோட, அவர் ஓட்டின பிளிமத் சூப்பர்பேர்ட் காரின் உருவத்தில்தான் கிங்கும் வரும். படத்தில தள்ளிக்கொண்டு போகப்படுற அந்தக் காரை இதைத் தெரிஞ்சுகொண்டு பாத்தால் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்.

படத்தின் மற்றப் பாதி ரோட்டைப் பற்றியது. சிக்காகோவில் இருந்து கலிபோர்னியாவின் சான்ட மொனிக்கா வரைக்கும் போன ரூட் 66 நெடுஞ்சாலை 1926 இல் தொடங்கினது. 1956 க்குப் பிறகு போட்ட பெரிய இன்டர்ஸ்டேட் பாதைகள் அதைத் துண்டு துண்டாக விலத்திப் போயின. 1985 இல் வரைபடத்தில் இருந்தே எடுத்துவிட்டார்கள். அரிசோனாவில் செலிக்மன் எண்ட சின்ன ஊரை 1978 செப்டெம்பர் 22 இல் புதுப் பாதை விலத்தினது. அந்த ஊர்ச் சலூன்காரர் ஏஞ்சல் டெல்கடில்லோ, தினமும் ஆயிரக்கணக்கில போன வாகனங்கள் ஒரே நாளில நிண்டுபோனதைப் பாத்தவர். மற்றவர்களைச் சேர்த்து 1987 இல் பழைய பாதையைக் காப்பாத்த ஒரு சங்கம் தொடங்கினார். பிக்ஸார்காரர் கதை தேடி ரூட் 66 இல் போனபோது சந்தித்தவர்களில் அவரும் ஒருவர். அவர்களைக் கூட்டிக்கொண்டு போன எழுத்தாளர் மைக்கல் வொலிஸ்தான் பிறகு படத்தில பொலிஸ்கார ஷெரிஃபுக்குக் குரல் குடுத்தார். படத்தில வாற ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ் எண்ட மறக்கப்பட்ட ஊர் இப்பிடிப் பல ஊர்களைச் சேர்த்துச் செய்தது.

இனிக் கேமுக்கு வருவம்.

பிக்ஸார் படங்களுக்குக் கேம் செய்யுற உரிமம் அப்ப டீஎச்கியூ கொம்பனியிடம் இருந்தது. படமும் கேமும் ஒரே நேரம் கடைக்கு வரவேணும் எண்டது இந்த வியாபாரத்தின் விதி. 1982 இல் அட்டாரி கொம்பனி ஈ.டி. படத்துக்கு அஞ்சு கிழமையில ஒரு கேமைச் செய்து, விக்காமல் போனவற்றை அடுத்த வருசம் நியூ மெக்ஸிக்கோப் பாலைவனத்தில தாட்டது இந்தத் துறையில எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்குப் பிறகும் விதி மாறவில்லை. படக் கேம் எண்டால் அவசரத்தில செய்தது, பேருக்காக விக்கிறது எண்டு விமர்சகர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஆனால் 'கார்ஸ்' கேமை டீஎச்கியூ குடுத்த இடம் வேற. ரெயின்போ ஸ்டூடியோஸ். செலிக்மன் இருக்கிற அதே அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரத்தில் இருந்த ஸ்டூடியோ. 1998 இல் மைக்ரோசொஃப்டுக்கு 'மோட்டோகுரொஸ் மாட்னஸ்', 2001 இல் பிளேஸ்டேஷன் 2 க்கு 'ஏடிவி ஒஃப்ரோட் ஃபியூரி', பிறகு டீஎச்கியூவுக்காக 'எம்எக்ஸ்' கேம்கள். எல்லாமே மண், மேடு, பள்ளம், புழுதி. இவர்களின் வேலையே சில்லுக்குக் கீழ மண் எப்பிடி விலகும், எப்பிடிப் பிடிக்கும் எண்டு கணக்குப் பாக்கிறதுதான். அப்பிடியான ஆக்களிட்டத்தான் டொக் ஹட்சனின் பாடம் போய்ச் சேர்ந்தது. இது திட்டம் போட்டுச் செய்ததா, டீஎச்கியூவிடம் இருந்த நல்ல பந்தய ஸ்டூடியோ அதுதான் எண்டதாலையா எண்டதைப் பற்றி எங்களுக்குள்ள வாக்குவாதம் உண்டு. எதுவாயிருந்தாலும் கைக்கு அது தெரியும். அந்தக் கேமில கார் சறுக்குறது பொய்யாயில்லை.

2006 ஜூன் 6 இல் கேம் வந்தது, மூன்று நாள் கழித்துப் படம். படத்தில ஒரு சட்டகத்தைக் கணிக்கச் சராசரியா 17 மணித்தியாலம் எடுத்ததெண்டு பிக்ஸார்காரர் சொல்லியிருக்கிறார்கள். காரின் பளபளப்பில சுத்திவர இருக்கிறது தெரியிறதுக்காக ஒளிக்கதிரைப் பின்தொடருற கணக்கை அந்தப் படத்தில பெருமளவில செய்தார்கள். பிளேஸ்டேஷன் 2 இல இருந்த பிரதான நினைவகம் 32 மெகாபைட். அதுக்குள்ள அதே காரை ஒரு செக்கனுக்குப் பல தரம் வரைஞ்சு காட்ட வேணும், வாய் அசைய வேணும், கண் உருள வேணும். பளபளப்பு வரவில்லைத்தான். ஆனால் கண்கள் வந்தன. ஹெட்லைட்டில வைக்காமல் முன்கண்ணாடியில கண்ணை வைச்சது பிக்ஸாரின் முடிவு. 1952 இல டிஸ்னி எடுத்த 'சூசி' எண்ட சின்ன நீலக் காரின் குறும்படத்தில இருந்து வந்த யோசனை. கேமில பின்னால இருந்துதானே காரைப் பாக்கிறம், கண் எதுக்கு எண்டு கேக்கலாம். காரை நிப்பாட்டிப்போட்டுக் கமராவைச் சுத்தின எந்தச் சின்னப்பிள்ளையிட்டயும் கேளுங்கோ.

கதை படத்துக்குப் பிறகு நடக்குது. அடுத்த பருவம், அடுத்த பிஸ்டன் கோப்பை, அதே சிக் ஹிக்ஸ். டொக் பாடம் எடுப்பார், சறுக்கித் திரும்பப் பழக்குவார். குரல் பொல் நியூமனுடையதுதான், வேற ஆளை வைச்சுச் சமாளிக்கவில்லை. நியூமன் நடிகர் மட்டுமில்லை. 1979 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில இரண்டாமிடம் வந்த குழுவில ஓட்டினவர். 1995 இல், 70 வயசில, டேட்டோனா 24 மணிநேரப் பந்தயத்தில தன்ர பிரிவில வெண்ட குழுவிலயும் ஓட்டினவர். 2008 செப்டெம்பரில் செத்துப்போனார். வளைவில எப்பிடித் திரும்புறது எண்டு உண்மையாவே தெரிஞ்ச ஒரு மனிசன், முகம் தெரியாத ஏழு வயசுக்காரருக்குச் சொல்லிக் குடுத்திட்டுப் போன மாதிரித்தான் எங்களுக்குப் படுது.

பந்தயங்கள் ரெண்டு வகை. வட்டப் பாதையில பெரிய கோப்பைப் பந்தயம். அது பளிச்செண்டு இருக்கும், பிட்டுக்குள்ள வந்து பட்டன்களை டக்கு டக்கெண்டு அமுக்கி ரயர் மாத்தலாம், ஆனால் ரெண்டு மூண்டு தரத்துக்குப் பிறகு அலுத்துப்போகும். மற்றது ஊரைச் சுத்தி, மலையடிவாரத்தில, மண்ணும் தாருமாக் கலந்த பாதையில. கேமின் உயிர் இதுக்குள்ளதான். இடைக்கிடை சின்னச் சின்ன விளையாட்டுகள். இரவில மேட்டரோட போய்த் தூங்குற டிராக்டரைக் கவிழ்க்கிறது, ஷெரிஃபா மாறி வேகமா ஓடுறவர்களைத் துரத்துறது, லூயிஜிக்கு ரயர் பொறுக்கிறது. சிலது நல்லம், சிலது நேரத்தை நிரப்பச் செய்தது எண்டு அப்பட்டமாத் தெரியும்.

நாங்கள் சொல்ல வந்தது இதுகளைப் பற்றியில்லை. ஒரு பந்தயமும் ஓடாட்டி என்ன நடக்கும்? ஒண்டும் நடக்காது. ரேடியேட்டர் ஸ்பிரிங்ஸ், ஓர்னமென்ட் பள்ளத்தாக்கு, டெயில்ஃபின் கணவாய் எண்டு மூண்டு பகுதி. கதை நகர நகர ஒவ்வொண்டாத் திறக்கும், பிறகு ஒண்டிலயிருந்து மற்றதுக்கு ரோட்டாலயே ஓடிப் போகலாம். ரோட்டை விட்டு இறங்கியும் போகலாம். நேரக் கணக்கு இல்லை. கார் உடையாது, ஆரும் சாக மாட்டார்கள். ஃப்ளோவின் கடைக்கு முன்னால சும்மா நிக்கலாம். படம் ரெண்டு மணித்தியாலமா 'ஆறுதலாப் போ, இந்த ஊரைப் பார்' எண்டு சொன்னது. ஆனால் பாக்கிறவரை அது சொன்ன வேகத்திலதான் கூட்டிக்கொண்டு போச்சுது. கேம் ஊரையே குடுத்திட்டு ஒண்டும் சொல்லாமல் விலகி நிண்டுது. தோக்க விடாத அதே கேம், ஓடாமலும் இருக்க விட்டது.

இது பெரிய கலைப்படைப்பு எண்டு நாங்கள் வாதாட வரவில்லை. 'குடும்பத்தோட விளையாடுற கேம்' எண்டாலே எங்களை மாதிரி எழுதுறவர்களுக்கு ஒரு இளக்காரம் இருக்குது. வன்முறை இருந்தால் விமர்சனம் எழுதுவம், சோகம் இருந்தால் கட்டுரை எழுதுவம், சின்னப்பிள்ளைச் சாமானை விட்டிடுவம். ஆனால் அந்த வீட்டில அம்மா ஒரேயொரு தரம் கொன்ட்ரோலரைக் கையில எடுத்தது இந்தக் கேமுக்குத்தான். திரையை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பேர் ஓடலாம். அம்மா சுவரில முட்டிக்கொண்டே நிண்டா. மகன் வெண்டு முடிச்சிட்டு, 'அம்மா, வலப்பக்கம் திருப்புங்கோ, வலப்பக்கம்' எண்டு கத்திக்கொண்டிருந்தான். பாடம் டொக்கிட்ட இருந்து அவனுக்கு, அவனிட்ட இருந்து அம்மாவுக்கு.

கேம் பல மில்லியன் வித்தது. விக்கிற சாமானை விடுவார்களா? 2007 இல் ரெயின்போவே 'மேட்டர்-நேஷனல்' செய்தது, 2009 இல் வேறொரு ஸ்டூடியோ 'ரேஸ்-ஓ-ராமா'. ரெண்டிலயும் ஊர் இருந்தது. 2011 இல் படமே உளவாளிக் கதையாப் போச்சுது. 'கார்ஸ் 2' கேமை அவலாஞ்ச் ஸ்டூடியோ செய்தது. ஊரில சும்மா சுத்தித் திரிய ஏலாமல் போச்சுது, கார்கள் ஒண்டை ஒண்டு ஏவுகணையால அடிச்சுது. ஓட்டம் துல்லியமா, நல்லா இருந்ததெண்டதையும் சொல்ல வேணும். 2017 இல் 'கார்ஸ் 3' படத்தில மக்குயீன் மறுபடி பாதிப் பந்தயத்தில நிண்டு, தன்ர இடத்தை குரூஸ் ரமிரெஸுக்குக் குடுத்தான். அந்தப் படத்தின் கேமும் படத்துக்குப் பிறகுதான் நடக்குது, அதின்ர பேரிலயே வெற்றி இருக்குது: 'டிரிவன் டு வின்'. பதினொரு வருசத்தில ஒண்டும் மாறவில்லை. விட்டுக்குடுக்கிறது படத்துக்கு, வெல்லுறது கேமுக்கு.

செய்தவர்களுக்கு என்ன நடந்தது? ஃபீனிக்ஸ் ஸ்டூடியோவுக்கு 2010 இல் டீஎச்கியூ பேரை மாத்தினது, 2011 இல் மூடினது. அதே வருசக் கடைசியில, திரையில படம் கீறுற ஒரு தட்டை மற்ற மெஷின்களுக்கும் கொண்டுவந்து பெரிய நட்டப்பட்டது. 2012 டிசெம்பரில் டீஎச்கியூ வங்குரோத்து. அடுத்த வருசம் துண்டு துண்டாக ஏலம் போனது. மண் பந்தயக் கேம்களின் உரிமையை வாங்கின ஐரோப்பியக் கொம்பனி நோர்டிக் கேம்ஸ், 2016 இல் தன்ர பேரை டீஎச்கியூ நோர்டிக் எண்டு மாத்திக்கொண்டது. நாஷ் உடம்பில ஹட்சன் பேர். ரெயின்போ எண்ட பேரும் திரும்ப உயிர்பெற்று, மறுபடி மண்ணில ஓடுற கேம்களையே செய்யத் தொடங்கினது.

படத்தோட ஒரே கிழமையில கடைக்கு வாற அந்த வகைக் கேம்களும் மெல்ல மெல்லக் குறைஞ்சு போச்சுது. பெரிய கேம் செய்யுற செலவு எங்கேயோ போயிட்டுது, சின்னப்பிள்ளைகள் ஃபோனுக்குப் போயிட்டினம். அவலாஞ்சையும் டிஸ்னி 2016 இல் மூடினது; வோர்னர் வாங்கித் திரும்பத் திறந்தது. செலிக்மனை விலத்தின புதுப் பாதை மாதிரித்தான், ஆரும் கெட்டது நினைச்சுச் செய்யவில்லை. அங்கால ரோட்டுப் போட்டது, இங்கால ஆக்கள் வாறது நிண்டது.

அண்டைக்கு அந்தப் பெடியன் என்ன செய்தான் எண்டதைச் சொல்லாமல் விட்டிட்டம். கேம் 'திரும்ப ஓடு' எண்டு சொல்ல, ஒரு நிமிசம் திரையைப் பாத்துக்கொண்டு இருந்தான். பிறகு ஓடினான். இந்தத் தரம் நிக்கவில்லை, முதலாவதா வந்தான். நாங்கள் கை தட்டினம், அவன் பெரிசாச் சந்தோசப்பட்ட மாதிரித் தெரியவில்லை. காரை ஊருக்குக் கொண்டுவந்தான். லூயிஜியின் ரயர்க் கடைக்கு முன்னால நிப்பாட்டினான். கொன்ட்ரோலரை நிலத்தில வைச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டான், ரீவியையும் நிப்பாட்டவில்லை.